உறைய வைக்கும் விஷம் ஏறியவருக்கு ரத்தம் ஏன் உறையாமல் போகிறது?

கண்ணாடி விரியன் விஷத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் நொதி இருப்பதாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சித்தப்பாவை அந்தப் பாம்பு கடித்தபோது ஆஸ்பத்திரியில் “ரத்தம் உறையவே இல்லை” என்றார்கள். இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வி. ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வந்துகொண்டிருந்தவருக்கு ரத்தம் ஏற்றாமல் விஷமுறிவு மருந்தையே ஏன் திரும்பவும் போட்டார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இவை இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. முதலாவது புரிந்துவிட்டால் இரண்டாவது தானாகப் புரியும். நான் பொது மருத்துவன். நெல் விளையும் பகுதிகளில் உள்ள அரசு மருத்துவமனைகளில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பாம்புக்கடி நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். விஷத்தின் வேதியியலில் ஆராய்ச்சி செய்தவன் அல்ல. வார்டில் நின்று பார்த்ததும், அது ஏன் அப்படி என்று தேடிப் படித்ததும்தான் என் அறிவு. சித்தப்பாவின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அவருக்குக் கொடுத்த சிகிச்சையைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. உடம்புக்குள் பொதுவாக என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்ததும் சரி, டாக்டர் சொன்னதும் சரி. விஷம் ரத்தத்தை உறைய வைக்கிறது. அதனாலேயே ரத்தம் உறையாமல் போகிறது. புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு இதை நான் பாலை வைத்துத்தான் சொல்வேன். ஒரு பானை பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பால் திரிந்துவிடும். திரிந்த கட்டிகளை வடித்து எடுத்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரில் எவ்வளவு உறைமோர் விட்டாலும் தயிர் ஆகாது. தயிராக வேண்டிய சத்து ஏற்கெனவே கட்டியாகிப் போய்விட்டதே. கண்ணாடி விரியன் கடித்தவரின் நாளத்தில் ஓடுவது ஏறக்குறைய அந்தத் தண்ணீர்தான். சிவப்பணுக்கள் அப்படியே இருப்பதால் பார்க்க ரத்தம் போலவே இருக்கும். உறைவதற்கான சரக்கு மட்டும் தீர்ந்திருக்கும்.

அந்தச் சரக்கின் பெயர் ஃபைப்ரினோஜன். கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். சாதாரணமாக 100 மில்லி பிளாஸ்மாவில் (ரத்த அணுக்கள் நீங்கலான திரவம்) 200 முதல் 400 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும். காயம் பட்டால் இது ஃபைப்ரின் என்ற நூலாக மாறி வலை பின்னுகிறது, அதுதான் ரத்தக்கட்டி. மாற்றுவது த்ராம்பின் என்ற நொதி. த்ராம்பின் எப்போதும் தயாராக இருந்தால் ஆபத்து என்பதால், உடம்பு அதைப் புரோத்ராம்பின் என்ற செயலற்ற வடிவில்தான் வைத்திருக்கிறது. உறைதலுக்கு உதவும் புரதங்களுக்குக் காரணி 5, காரணி 10 என்று எண் வைத்துப் பெயர். புரோத்ராம்பினை எழுப்புவதற்குக் காரணி 10 முதலில் விழிக்க வேண்டும். காரணி 10 விழிப்பதற்கு அதற்கு முந்தைய காரணிகள் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு படியிலும் தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகளும் உண்டு. கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள ஒரு நொதி இந்த வரிசையின் முதல் படிகளைத் தாண்டி, நேராகக் காரணி 10-ஐ ஒரே ஒரு இடத்தில் வெட்டி எழுப்பிவிடுகிறது. இன்னொரு நொதி காரணி 5-ஐத் தூண்டுகிறது. காரணி 10 கத்தி என்றால் 5 அதற்குப் பிடி மாதிரி; இரண்டும் சேர்ந்தால் த்ராம்பின் உருவாகும் வேகம் பல மடங்கு கூடும். காயமே இல்லாத இடத்தில், உடம்பெங்கும் ஓடும் ரத்தத்தில் இது நடக்கிறது. நம் உடம்பில் உள்ள தடுப்பான்கள் நம்முடைய நொதிகளை அடக்கத்தான் இருக்கின்றன. பாம்பின் நொதி அவற்றுக்குப் பிடிபடுவதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு 1934-இல் லண்டனில் நடந்த ஒரு வேலை நல்ல சாட்சி. மேக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவரும், லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வன பிரிவைக் கவனித்துவந்த பர்ஜஸ் பார்னெட்டும் சேர்ந்து, பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தக்கசிவை நிறுத்தப் பாம்பு விஷம் பயன்படுமா என்று பார்த்தார்கள். சோதித்தவற்றில் நம் கண்ணாடி விரியனின் விஷம்தான் சிறப்பாக வேலை செய்தது. மிகவும் நீர்க்கச் செய்த விஷத்தைத் துணியில் நனைத்து, பல் பிடுங்கிய குழியில் வைத்தால் கசிவு நின்றது. ஸ்டிப்வென் என்ற பெயரில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. ஹீமோஃபிலியாவில் குறைவது காரணி 8 அல்லது 9. அவை காரணி 10-க்கு முந்தைய படிகள். விஷம் அந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பதால், அவை இல்லாதவர்களுக்கும் ரத்தம் உறைகிறது. அதே மேக்ஃபார்லேன்தான் 30 வருடம் கழித்து, 1964-இல், உறைதல் என்பது ஒன்றை ஒன்று எழுப்பும் நொதிகளின் தொடர் என்ற விளக்கத்தை வெளியிட்டார். இன்றைக்கும் கருச்சிதைவு திரும்பத் திரும்ப நிகழும் பெண்களுக்குச் செய்யும் ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்ணாடி விரியன் விஷத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பரிசோதனைச் சீட்டில் அந்தப் பாம்பின் ஆங்கிலப் பெயரே அச்சாகியிருக்கும். பார்த்துப் பயந்துபோய் என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

சரி, துணியில் நனைத்து வைத்தால் கசிவை நிறுத்தும் விஷம், உடம்புக்குள் போனால் கசிவை உண்டாக்குவது ஏன்? அளவும் இடமும்தான் காரணம். வயலில் கண்ணாடி விரியன் தேடுவது எலியை. எலியின் உடம்பில் உள்ள ரத்தம் சில மில்லி லிட்டர். அதற்குள் இந்த விஷம் போனால் பெரிய நாளங்களிலேயே ரத்தம் கட்டி எலி உடனே சாகும். பாம்புக்கு வேண்டியதும் அதுதான். மனிதனுக்கு ஐந்து லிட்டர் ரத்தம். கடித்த இடத்திலிருந்து விஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, அந்த ஐந்து லிட்டரில் கலந்து நீர்த்துப்போகிறது. அதனால் ஒரே பெரிய கட்டி உருவாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஃபைப்ரின் இழைகள் எங்கும் உருவாகின்றன. உடம்பின் கரைக்கும் நொதியான பிளாஸ்மின் அவற்றை அரித்துக்கொண்டே இருக்கிறது. உருவாக்குவதும் கரைப்பதுமாகச் சில மணி நேரத்தில் இருப்பு காலியாகிவிடுகிறது. அப்படிக் கரைந்த துண்டுகளை அளக்கும் டி-டைமர் பரிசோதனையைச் செய்தால் அளவு எக்கச்சக்கமாக உயர்ந்திருக்கும். உறையவில்லை என்று நாம் சொல்லும் அந்த ரத்தம் ஏற்கெனவே உடம்புக்குள் உறைந்து கரைந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாப் பாம்பும் இதே இடத்தில் கை வைப்பதில்லை. சுருட்டை விரியன் விஷத்தில் எக்கரின் என்ற நொதி இருக்கிறது. அது காரணி 10-ஐயும் தாண்டி, நேராகப் புரோத்ராம்பினையே வெட்டுகிறது. அதற்குக் கால்சியமும் வேண்டாம். உறையாமல் இருக்கவேண்டும் என்றே கால்சியத்தைக் கட்டிவைத்து நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைக்கூட அது உறைய வைக்கும். மலேசியா, தாய்லாந்துப் பக்கம் இருக்கும் மலாயா குழிவிரியன் இன்னும் ஒரு படி இறங்கி, த்ராம்பினின் வேலையைத் தானே செய்கிறது. ஆனால் அரைகுறையாக. ஃபைப்ரினோஜனின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுவதால் உருவாகும் நூல் இறுகாமல் இற்றுப்போய் உடனே கரைந்துவிடும். 1960-களில் பினாங்கில் ரீட் என்ற மருத்துவர் இந்தப் பாம்பு கடித்தவர்களைக் கவனித்துவந்தார். பலருக்கு நாள்கணக்கில் ரத்தம் உறையவே இல்லை. ஆனாலும் பெரிதாக எங்கும் கசியவில்லை. அந்தக் கவனிப்பிலிருந்துதான் ஆன்க்ராட் என்ற மருந்து பிறந்தது. பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் நல்ல பலன், பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் பலன் இல்லை, அதோடு அந்த முயற்சி நின்றது. இன்னொரு விஷயம், பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் இந்தக் குடும்பமே இல்லை. அது நரம்பைத் தாக்கும்; ரத்தத்தைத் தொடாது. “விரியன் கடித்துவிட்டது” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் எந்த விரியன் என்று நாங்கள் வற்புறுத்திக் கேட்பது அதனால்தான்.

ரீட் கவனித்ததில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருப்பது வேறு, ரத்தம் கசிவது வேறு. நாளத்தின் சுவர் முழுசாக இருக்கும்வரை, உறையாத ரத்தமும் உள்ளேயே ஓடும். கண்ணாடி விரியனின் விஷத்திலும் சுருட்டையின் விஷத்திலும் உறைதலைத் தூண்டும் நொதிகளோடு, துத்தநாகத்தை வைத்து இயங்கும் வேறு சில நொதிகளும் இருக்கின்றன. அவை நுண்நாளங்களின் சுவரைத் தாங்கி நிற்கும் படலத்தை அரிக்கின்றன. ஓட்டையை முதலில் அடைக்கும் ரத்த அணுக்களான தட்டணுக்களும் குறைகின்றன, சில விஷப் புரதங்கள் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையே தடுக்கின்றன. (மாரடைப்புக்குக் கொடுக்கும் டைரோஃபைபன் என்ற ஊசி, சுருட்டை விரியனின் அப்படிப்பட்ட ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்தது.) சுவரில் ஓட்டை, அடைக்கத் தட்டணு இல்லை, வலை பின்ன நூலும் இல்லை. இந்த மூன்றும் சேரும்போதுதான் சித்தப்பாவுக்கு வந்தது போல ஈறில் கசிவதும் சிறுநீர் சிவப்பதும். அதே கசிவு மூளைக்குள் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

“உறையவில்லை” என்று டாக்டர் சொன்னது பெரும்பாலும் 20 நிமிடப் பரிசோதனையை வைத்துத்தான் இருக்கும். ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்து, ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்துவிட்டது. நடுராத்திரியில், சோதனைக்கூடம் இல்லாத ஆஸ்பத்திரியிலும் செய்யலாம் என்பது இதன் பெரிய பலம். பலவீனமும் உண்டு. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலோ நல்ல ரத்தமும் உறையாது. ஒருமுறை என் வார்டிலேயே, கழுவிய குழாயை நம்பி, விஷம் ஏறாத ஒருவருக்கு ஊசி போடத் தயாரானோம். சந்தேகப்பட்டு அவரோடு வந்த அண்ணனின் ரத்தத்தையும் அதேபோல எடுத்து வைத்தேன். அதுவும் உறையவில்லை. அன்றையிலிருந்து புதுக் குழாய் இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை. இன்னொரு பக்கம், ஃபைப்ரினோஜன் பாதி தீர்ந்திருக்கும் ஆரம்ப நேரத்தில் ரத்தம் எப்படியோ உறைந்துவிடும். விஷம் இல்லை என்று தவறாக நினைக்க இடமுண்டு. இலங்கையில் செய்த ஆய்வு ஒன்றில், ஆய்வகப் பரிசோதனை காட்டிய பாதிப்பில் பாதிக்கும் குறைவானதைத்தான் இந்த முறை கண்டுபிடித்தது. பயிற்சி கொடுத்து முறையாகச் செய்தபோது பலன் நன்றாகவே இருந்தது என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. அதனால் முதல் பரிசோதனை நன்றாக இருந்தாலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல், திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பானையில் எலுமிச்சைச் சாறு இருக்கும்போது புதிதாகப் பால் ஊற்றினால் அதுவும் திரியத்தான் செய்யும். நாளத்தில் விஷ நொதி சுற்றிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்மா ஏற்றினால், அதில் உள்ள ஃபைப்ரினோஜனும் அதே வழியில் போகும். முதலில் நொதியைக் கட்டிப்போட வேண்டும். அதைச் செய்வது விஷமுறிவு மருந்து ஒன்றுதான். குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்து எடுத்தது அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே இந்தியாவில் தயாரிக்கிறார்கள். அதற்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒவ்வொரு குப்பி உடைக்கும்போதும் எனக்கு அந்த மனிதர்கள் நினைவுக்கு வருவார்கள். ஒரு குப்பியில் 10 மில்லி. ஒரு மில்லி 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் இறக்குவது சராசரியாக 63 மில்லிகிராம். 10 குப்பி போட்டால் ஏறத்தாழ அதற்குச் சமம். முதல் தவணையாகப் 10 குப்பி என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

மருந்து விஷத்தைக் கட்டிப்போடும், ஆனால் தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனைத் தராது. அதைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். ரத்தம் மறுபடி உறையும் அளவுக்குச் சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதனால்தான் ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்கிறோம். அப்போதும் உறையவில்லை என்றால், கட்டுப்படாத விஷம் இன்னும் ரத்தத்தில் இருக்கிறது, கல்லீரல் செய்யச் செய்ய அது தீர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு தவணை போடுவோம். கடிபட்ட இடத்தில் தேங்கிய விஷம் மெதுவாக ஊறி வருவதால், ஒரு முறை சரியான ரத்தம் மறுநாள் மறுபடி உறையாமல் போவதும் உண்டு. வெளியில் நிற்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் ஒன்றுமே செய்யாதது போலத் தெரியும். அதை யாராவது ஒருவர் வெளியே வந்து உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும். கூட்டமான வார்டுகளில் நாங்கள் அதைச் செய்யத் தவறுகிறோம். ரத்தமே ஏற்றக் கூடாது என்றும் நினைத்துவிடாதீர்கள். நிறைய ரத்தம் போய்விட்டால், விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகு ரத்தமும் தட்டணுவும் ஏற்றத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகாவது பிளாஸ்மா ஏற்றினால் ரத்தம் சீக்கிரம் சரியாகுமா? கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் இலங்கையில் செய்த ஆய்வில் அப்படி ஆகவில்லை. ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கு வேறு மாதிரி முடிவு கிடைத்தது. என் வார்டில் உயிருக்கு ஆபத்தான கசிவு இருந்தால் மட்டும் ஏற்றுகிறேன். 10 குப்பிக்குக் குறைவாகவே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், போதாது என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறும் என்பது உறுதி. அதனால் சிகிச்சை எவ்வளவு மாற வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. சிறுநீரகம் ஏன் செயலிழக்கிறது என்பதற்கும் ஒரே பதில் இல்லை. நுண்நாளங்களில் ஃபைப்ரின் அடைப்பது, ரத்த அழுத்தம் குறைவது, விஷம் நேரடியாகத் தாக்குவது மூன்றும் பங்கு வகிக்கலாம். எது எவ்வளவு என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. ஹெப்பாரின் பற்றி மட்டும் சந்தேகம் வேண்டாம். விஷம் உறைய வைக்கிறது என்றால் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுக்கலாமே என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். பர்மாவிலும் நைஜீரியாவிலும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

விஷத்தால் நிஜமாகவே பெரிய நாளத்தில் கட்டி உண்டாகி அடைப்பதும் நடக்கும். கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவின் ஈட்டித்தலைப் பாம்பு அப்படிப்பட்டது. அது கடித்தவர்களுக்கு மூளையிலும் இதயத்திலும் அடைப்பு வருவது தெரிந்த விஷயம். நம் ஊரில் கண்ணாடி விரியன் கடித்துப் பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் காரணம் ரத்தக்கசிவு, சிலருக்கு அடைப்பு. ஸ்கேன் எடுக்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, கடிபட்ட இடத்தைக் கீறி விஷத்தை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறையாத ரத்தம் அந்தக் கீறலில் நிற்காது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். எங்கள் பக்கம் பாம்பு என்ற சொல்லைச் சொல்ல அஞ்சி “பூச்சி கடித்துவிட்டது” என்பார்கள். அப்படி வருபவர்களில் முதல் ஒரு மணி நேரத்தில் வந்தவர்களுக்கும், நாட்டு வைத்தியரிடம் போய்விட்டு மறுநாள் வந்தவர்களுக்கும் சிறுநீரகத்தின் நிலையில் நான் பார்த்திருக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கடைசியாக, சித்தப்பா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும் சோர்ந்தே கிடக்கிறார், வெயிலிலும் குளிர்கிறது என்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே என்னை நிறுத்திய வரி அதுதான். கண்ணாடி விரியன் கடித்த சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தம் கசிந்தோ ரத்த ஓட்டம் தடைப்பட்டோ சுரப்பி வாடிவிடும். பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிரசவத்தில் அதிக ரத்தம் இழந்த பெண்களுக்கு வருவது போன்ற அதே நிலை. தைராய்டு, கார்டிசால் என்ற ஹார்மோன்கள் குறைந்து, சோர்வு, குளிர், ரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் மாதங்கள் கழித்தும் வரும். அவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறிலும் ரத்தசோகையிலும் இதே சோர்வு வரும். ஆனால் இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பாம்பு கடித்த தேதியையும் ரத்தம் உறையாமல் இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். காலையில் எடுக்கும் கார்டிசால், தைராய்டு, சோடியம், கிரியாட்டினின் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சுரப்பிதான் காரணம் என்றால் அதற்கு மாத்திரை இருக்கிறது. கார்டிசால் குறைந்திருந்தால் அந்த மாத்திரையைத்தான் முதலில் தொடங்க வேண்டும், தைராய்டு மாத்திரையை அதற்குப் பிறகு.